சனிக்கிழமைகளில் எதிர்காலம்

வாரம் முழுதும் ஆபீஸ் போகிறவளுக்குச் சனிக்கிழமை என்று ஒன்று இருப்பதே, சேர்ந்துபோன துணியைத் தோய்த்துப் போட்டுவிட்டு ஃபேனுக்கு அடியில் கொஞ்சம் காலை நீட்டுவதற்குத்தான். அந்தச் சனிக்கிழமையையும் ஸ்பானிஷ் பிடுங்கிக்கொண்டது. இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம், ஐம்பதைத் தாண்டின வயசில், டெல்லி லக்ஷ்மிபாய் நகரிலிருந்து கிளம்பி, சஃப்தர்ஜங் என்க்ளேவில் யாரோ ஒரு பஞ்சாபிக்காரர் வீட்டு பேஸ்மென்டில் உட்கார்ந்து, ‘நான் பேசுவேன், நீ பேசுவாய், அவன் பேசுவான்’ என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கத்தவேண்டும் என்பது என் தலையெழுத்து.

எழுதினது பிரம்மா இல்லை. என் வீட்டுக்காரர் அனந்தகிருஷ்ணன்.

அவர் ஒரு அரசாங்கக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் பெரிய வேலையில் இருந்துவிட்டு, போன வருஷம்தான் தானாகவே ஓய்வு வாங்கிக்கொண்டார். வீட்டில் உட்கார்ந்த ஆறாம் மாசமே அவருக்குப் பைத்தியம் பிடித்தமாதிரி ஆகிவிட்டது. அப்போது டெல்லியில் ஒரு மருந்துக் கம்பெனிக்காரர்கள் தென் அமெரிக்காவில், பெரு தேசத்தில், லிமா என்கிற ஊரில் ஆபீஸ் திறக்கப்போவதாகவும், மூன்று வருஷம் கணக்கு வழக்கு பார்த்துத் தர முடியுமா என்றும் இவரைக் கேட்டார்கள். இவர் அங்கேயே சரி என்று சொல்லிவிட்டு வந்தார். நான் அடுப்பில் கூட்டைக் கிளறிக்கொண்டிருந்தேன். செருப்பைக் கூடக் கழற்றாமல், “வத்சலா, நாம லிமா போறோம்” என்றார்.

‘நாம’ என்றார். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “ஏன்னா, அது எங்க இருக்கு?”

அட்லஸை எடுத்துவந்து காட்டினார். கூட்டு அடிப்பிடித்துவிட்டது.

நான் ஒரு அமைச்சகத்தில் அசிஸ்டன்ட். இந்த வீடு என் பேரில் ஒதுக்கின குவார்ட்டர்ஸ். நான் வேலையை விட்டால் வீட்டையும் விடவேண்டும். வேலையை விடுவதற்கு மூன்று மாசம் முன்னால் நோட்டீஸ் கொடுக்கவேண்டும். அந்த நோட்டீஸை அவரே டைப் அடித்து வைத்துவிட்டார். எங்கள் வீட்டில் அப்படித்தான். ஆபீசில் கீழே இருக்கிறவன் எழுதிக்கொண்டு வருவான், மேலே இருக்கிறவர் கையெழுத்துப் போடுவார். வீட்டில் அது தலைகீழ். எல்லாவற்றையும் அவர் எழுதுவார், நான் கையெழுத்துப் போடுவேன். பாங்க் கணக்கு, எல்.ஐ.சி., பெண் மேதாவின் காலேஜ் விண்ணப்பம், எல்லாவற்றுக்கும் நான் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருப்பார். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குறியைப் பார்த்தால் என் கை தானாகப் பேனாவை எடுத்துவிடும். படித்துப் பார்த்ததில்லை. தப்பாக ஒன்றும் எழுதமாட்டார் என்று தெரியும். எழுதினதும் இல்லை.

ஆனால் இந்த நோட்டீஸில் மட்டும் என் கை போகவில்லை. “போடறேன், போடறேன்” என்று இரண்டு வாரமாக நகர்த்திக்கொண்டிருந்தேன். நான் சொல்லவந்த அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமையாவது கொடுத்தால்தான் அவர் கிளம்புகிற தேதிக்குச் சரியாக வரும். அதற்குமேல் தள்ள முடியாது.

“போக இஷ்டமில்லையென்றால் சொல்லவேண்டியதுதானே?” என்று நீங்கள் கேட்கலாம். நன்றாகக் கேட்கலாம். நாக்பூருக்கு அவருக்கு மாற்றல் வந்தபோது சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டுப் பின்னாலே போனேன். குவாஹாத்திக்கு வந்தபோதும் போனேன். ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் எனக்குப் பின்னால் சேர்ந்தவள் எனக்கு மேலே உட்கார்ந்திருப்பாள். அதற்காக நான் அழுததில்லை. எனக்கு ஆபீஸ் மேல் அப்படி ஒன்றும் மோகம் கிடையாது. பழைய ஃபைல் தூசிக்கு எனக்குத் தும்மல்தான் வரும். எனக்கு வேண்டியதெல்லாம், இன்னொரு தடவை பாத்திரத்தைப் பழைய பேப்பரில் சுற்றி டிரங்குப் பெட்டியில் அடுக்காமல் இருப்பது. புது ஊரில் புளி எங்கே கிடைக்கும் என்று தேடாமல் இருப்பது. போதுமடா சாமி என்று ஒரு இடத்தில் இருப்பது. அவ்வளவுதான்.

அவர் கொடுமைக்காரராக இருந்தால் என்றைக்கோ சண்டை போட்டிருப்பேன். குரலை உயர்த்தாத மனுஷர். எனக்கு ஜுரம் வந்தால் ராத்திரி முழுக்க முழித்திருந்து நெற்றியில் துணி போடுவார். நல்ல மனுஷரோடு எப்படிச் சண்டை போடுவது? எங்கிருந்து ஆரம்பிப்பது? எனக்கு அந்த வித்தை தெரியவில்லை.

இப்படியாக ஸ்பானிஷ் வகுப்பு. “அங்க போய் ஊமை மாதிரி நிக்கப்படாது, ரெண்டு பேருமே கத்துப்போம்” என்று என் பேருக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டார். வகுப்பில் மற்றவர்களெல்லாம் மேதா வயசுப் பிள்ளைகள். கால் சென்டரில் வேலை தேடுகிறவர்கள், டிராவல் ஏஜென்சிக்காரர்கள். நாங்கள் இரண்டு பேரும் முன் பெஞ்சு. டீச்சர் ஹர்ப்ரீத் என்று ஒரு பெண். முப்பது வயசுகூட இருக்காது. ஸ்பெயினில் இரண்டு வருஷம் படித்துவிட்டு வந்தவள். எங்களை “ஆன்ட்டி, அங்கிள்” என்று கூப்பிடமாட்டாள். “வத்சலா-ஜி”தான். அதில் எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

நிகழ்காலம் முடிந்து, இறந்தகாலம் என்று ஒரு கண்றாவி முடிந்து, நாக்கு தள்ளிப்போன ஒரு சனிக்கிழமையில் எதிர்காலத்துக்கு வந்தோம். ஆகஸ்ட் மாசப் புழுக்கம். பேஸ்மென்டில் ஒரு கூலர் தண்ணீரை விசிறி எல்லோர் மேலும் பிசுபிசுப்பைத் தடவிக்கொண்டிருந்தது.

“இதுதான் இருக்கறதிலேயே சுலபம்” என்றாள் ஹர்ப்ரீத். “இதுவரைக்கும் என்ன செஞ்சோம்? வினைச்சொல்லோட வாலை வெட்டினோம். வெட்டின இடத்துல வேற வாலை ஒட்டினோம். எதிர்காலத்துக்கு எதையும் வெட்டவேண்டாம். முழுச் சொல்லையும் அப்படியே வெச்சுட்டு, பின்னால ஒட்டினாப் போதும்.”

போர்டில் எழுதினாள். பேசுவது ‘ஆப்லார்’. அதோடு ஒரு ‘ஏ’ சேர்த்தால் ‘ஆப்லாரே’, பேசுவேன். ‘ஆஸ்’ சேர்த்தால் ‘ஆப்லாராஸ்’, பேசுவாய். ‘ஆ’ சேர்த்தால் பேசுவான், பேசுவாள், எல்லாம் ஒன்றுதான். சாப்பிடுவது ‘கொமேர்’, சாப்பிடுவேன் ‘கொமெரே’. வாழ்வது ‘பிவிர்’, வாழ்வேன் ‘பிவிரே’. எந்த வினையாக இருந்தாலும் அதே வால்கள்தான். அடங்காப்பிடாரிகள் கொஞ்சம் பேர் உண்டு. வருவேன் என்பதற்கு ‘பெனிரே’ என்று சொல்லாமல் ‘பெந்த்ரே’ என்று சொல்லவேண்டும், செய்வேன் என்பதற்கு ‘ஆரே’. அவர்களைத் தனியாக மனப்பாடம் செய்துகொள்ளவேண்டியதுதான்.

“இன்னொரு உபயோகமும் இருக்கு” என்றாள். “நிச்சயமாத் தெரியாத விஷயத்தை ஊகிச்சுச் சொல்லவும் இதே எதிர்காலம்தான். அவர் எங்கே? வீட்டுல இருப்பார். ‘எஸ்தாரா என் காஸா’. நம்ம ஹிந்தி ‘ஹோகா’ மாதிரி.”

“எங்க தமிழ்லயும் அப்படித்தான்” என்றேன். “‘வீட்டுல இருப்பார்’னா, இருக்கார்னு எனக்குத் தோணறதுன்னு அர்த்தம்.”

“தேகா, பாத்தீங்களா?” என்று மற்ற பிள்ளைகளைப் பார்த்தாள் ஹர்ப்ரீத். “வத்சலா-ஜிக்குப் பாதி ஸ்பானிஷ் வீட்டுலயே இருக்கு.” எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

வீட்டுப்பாடம் கொடுத்தாள். ‘அடுத்த வருஷம் நான் என்ன செய்வேன்?’ பத்து வாக்கியம்.

அந்த வாரம் ஆபீசில் பார்லிமென்ட் கேள்விகளுக்குப் பதில் தயாரிக்கிற வேலை. தினமும் விளக்கு வைத்தபிறகுதான் வீடு திரும்பினேன். ஆபீஸ்காரர்களுக்கான சார்ட்டர்டு பஸ்ஸைத் தவறவிட்டு, டி.டி.சி. என்கிற அரசாங்க பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்கினேன். வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தபோது மேஜைமேல் என் நோட்டு திறந்திருந்தது. பத்து வாக்கியமும் எழுதியிருந்தது. அவருடைய அழகான, சாய்ந்த எழுத்து.

“நீ களைச்சுப்போய் வருவேன்னு நானே எழுதிட்டேன்” என்றார். “ஒரு தடவை வாய்விட்டுப் படிச்சு வெச்சுக்கோ. ஜல்தி முடிச்சுட்டுப் படுத்துக்கோ.”

நல்ல எண்ணத்தோடுதான் செய்தார். பாலைக் கூடக் காய்ச்சி வைத்திருந்தார். நான் படிக்காமலே படுத்துவிட்டேன்.

மறுநாள் ஹர்ப்ரீத் என்னைத்தான் முதலில் எழுப்பினாள். நான் எழுந்து நின்று, நோட்டை விரித்துப் படித்தேன்.

‘பிவிரே என் லிமா கோன் மி எஸ்போஸோ.’ லிமாவில் என் கணவரோடு வாழ்வேன். ‘கொஸினாரே.’ சமைப்பேன். வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்வேன். கடற்கரைக்குப் போவோம். மாலையில் அவருக்காகக் காத்திருப்பேன். பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வோம். சந்தோஷமாக இருப்பேன்.

படிக்கும்போதுதான் எனக்கே அர்த்தம் புரிந்துகொண்டு வந்தது. ஒரு வாக்கியம் படிப்பேன், அது என் காதில் விழும், அடடே, நான் இதைச் செய்யப்போகிறேனா என்று இருக்கும். அடுத்ததைப் படிப்பேன். பத்தாவது வாக்கியத்துக்கு வரும்போது எனக்கு முகம் சுட்டது. கோபம். யார்மேல் என்று கேட்டால் அப்போது சொல்லத் தெரிந்திருக்காது. என்னுடைய அடுத்த வருஷத்தை எனக்கு முன்னாலேயே ஒருத்தர் முடித்து, முற்றுப்புள்ளி வைத்து, என் கையில் கொடுத்திருந்தார். நான் அதை வகுப்புக்கு நடுவில் நின்று சத்தம்போட்டு ஒப்புக்கொண்டிருந்தேன்.

“முய் பியென், ரொம்ப நல்லா இருக்கு. ஒரு தப்புகூட இல்லை” என்றாள் ஹர்ப்ரீத். பிறகு என் நோட்டை எட்டிப் பார்த்தாள். எழுத்தைப் பார்த்தாள். என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தாள். “அச்சா அங்கிள்-ஜி, இது உங்க கைவேலையா? வத்சலா-ஜி, நோட்டை மூடுங்க. இப்போ நீங்களே சொல்லுங்க. அடுத்த வருஷம் என்ன செய்வீங்க?”

முதல் தடவையாக அவள் எங்களில் ஒருவரை அங்கிள் என்று கூப்பிட்டது அப்போதுதான். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார்.

நான் நோட்டை மூடினேன். ‘பிவிரே என் லிமா’ என்று திரும்பச் சொல்லியிருக்கலாம். அந்த வாக்கியம் வாயிலேயே நின்றுகொண்டிருந்தது. ஹர்ப்ரீத் காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவள் மாதிரி, தலையைச் சாய்த்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நோ இரே” என்றேன்.

போகமாட்டேன்.

“எங்கே?”

“லிமாவுக்கு. நோ இரே அ லிமா.”

“அப்புறம்?”

“எஸ்தாரே அக்கி.” இங்கேயே இருப்பேன். எனக்குத் தெரிந்த வினைகள் கொஞ்சம்தானே, ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தேன். “ட்ரபஹாரே.” வேலை பார்ப்பேன். அப்புறம் என்ன? அடுத்த வருஷம் எனக்கு வேறு என்ன வேண்டும்? “தோர்மிரே” என்றேன். தூங்குவேன்.

பிள்ளைகள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். “நானும்!” என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான். “பெர்ஃபெக்தோ” என்றாள் ஹர்ப்ரீத். “எல்லாம் சொந்தமாச் சொன்னீங்க, எல்லாம் சரி. உட்காருங்க.” அவளுக்குக் காலம் சரியாக இருந்தால் போதும். அடுத்த பையனிடம் போய்விட்டாள்.

உட்கார்ந்தேன். அவர் என் பக்கமாகக் குனிந்து, “‘நோ’ன்னு போட்டுட்டே. ‘நோ’ வேண்டாம். ‘இரே’ மட்டும்தான்” என்று மெதுவாகச் சொன்னார்.

வகுப்பு முடிந்து வெளியே வந்ததும், “ரொம்பக் களைச்சிருக்கே, பஸ் வேண்டாம்” என்று ஒரு ஆட்டோவைப் பிடித்தார். மீட்டர் போடமாட்டேன் என்றவனோடு ஹிந்தியில் வாதாடி, மீட்டர் போடவைத்து ஏறினார். ஆட்டோ நகர்ந்ததும் எனக்கு எதிர்காலத்தைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். வினைக்கு முன்னால் ‘நோ’ வந்தால் அர்த்தமே மாறிவிடும், டெஸ்டில் இப்படிச் சொன்னால் மார்க் போய்விடும், பதற்றத்தில் வருவதுதான், எல்லோருக்கும் வரும்…

“தெரிஞ்சுதான் சொன்னேன்” என்றேன்.

“என்னது?”

“‘நோ’ தெரிஞ்சுதான் போட்டேன்.”

அவர் என்னைப் பார்த்துவிட்டு, ஆட்டோக்காரன் முதுகைப் பார்த்தார். அவனுக்குத் தமிழ் புரியுமா என்று சந்தேகம் வந்துவிட்டமாதிரி. வீடு வந்தது. மீட்டருக்கு மேலே கேட்டவனுக்குக் கேட்டதைக் கொடுத்துவிட்டு இறங்கினார். அப்படி ஒருநாளும் செய்யாதவர்.

நான் முகத்தைக் கழுவிக்கொண்டு அரிசியைக் களைந்து குக்கரில் வைத்தேன். என்ன பூகம்பம் வந்தாலும் ஒரு மணிக்குச் சாப்பாடு வைக்கவேண்டுமே. அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

“வர இஷ்டமில்லைன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமே, வத்சலா.”

“நீங்க கேக்கவே இல்லையே.”

“இதைப் போய்க் கேக்கணுமா?”

“அந்தப் பொண்ணு கேட்டாளே. பதில் வரவரைக்கும் நின்னாளே.”

அவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை. யோசித்துப் பார்த்தார். கணக்கு உதைக்கிற இடத்தைத் தேடும்போது அப்படித்தான் புருவத்தைச் சுருக்குவார். கல்யாணமானதிலிருந்து ஒவ்வொரு வருஷமாகத் தேடிக்கொண்டு போகிறார், எங்கேயாவது ஒரு இடத்திலாவது கேட்டிருப்போமா என்று பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. பாவமாக இருந்தது. ஆனாலும் நான் குறுக்கே போய் உதவவில்லை.

“கான்ட்ராக்ட்ல கையெழுத்துப் போட்டாச்சு” என்றார். “நான் போகாம இருக்க முடியாது.”

“நீங்க போகவேண்டாம்னு நான் சொல்லலையே.”

“நான் மட்டும் போனா…” நிறுத்திக்கொண்டார். பிறகு நிஜமாகவே கேட்டார். பதில் தெரியாமல், பதிலுக்காகக் காத்துக்கொண்டு கேட்டார். “மூணு வருஷம் நீ தனியா எப்படி இருப்பே?”

கஷ்டமாகத்தான் இருக்கும் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்வதுதான் மரியாதை. எந்தப் பெண்டாட்டியும் அப்படித்தான் சொல்வாள், எனக்கும் அது தெரியாதா? ஆனால் அவர் கேட்டுவிட்டாரே. கேட்டவருக்குப் பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

“நன்னா இருப்பேன்” என்றேன்.

சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கவேண்டாம். அவரை நோகடிக்கவேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. அவர்மேல் ஆசை இல்லாமலும் இல்லை. அந்த ஆசையும், அவர் இல்லாமல் நன்றாக இருப்பேன் என்பதும் எப்படி ஒன்றாக இருக்கிறது என்று அவருக்கு விளக்கிச் சொல்ல என்னிடம் ஸ்பானிஷிலும் சொல் இல்லை, தமிழிலும் இல்லை.

அவர் உள்ளே வந்தார். தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“அப்போ, இத்தனை வருஷமா எப்படி இருந்தே?”

“களைச்சுப்போய் இருந்தேன்” என்றேன்.